யாரைக் கேட்பது, எப்போது கேட்பது? எல்லையோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டை ஒட்டிய கிழக்கு ஓரத்திலிருந்தும் அட்டப்பாடியிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. நாலு அமைப்புகள் சேர்ந்து ஒரு வேலையைக் கையில் எடுக்கும்போது, அமைப்புக்கு வெளியே இருப்பவர்களில் யார் யாரைத் தேடிப் போக வேண்டும், அவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதுதான் எல்லாக் கேள்விகளிலும் இருக்கிறது. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கொழிஞ்சாம்பாறை, கல்லூரி ஆசிரியர்: எங்கள் நாட்டு நலப்பணித் திட்டக் குழு, ஒரு விவசாயிகள் சங்கம், ஓர் அறக்கட்டளை மூன்றும் சேர்ந்து ஒரு குளத்தைத் தூர்வாரப் போகிறோம். சம்பந்தப்பட்டவர்கள் பட்டியலில் பஞ்சாயத்து, பாசனத் துறை, பாசன விவசாயிகள் என்று எழுதியிருக்கிறோம். போதுமா?

போதாது. பட்டியலை அலுவலக அறையில் எழுதியிருக்கிறீர்கள். குளக்கரையில் எழுதுங்கள். விடிகாலையிலிருந்து இருட்டும்வரை ஒருநாள் முழுக்க அங்கே இருந்து பாருங்கள். துணி துவைக்க எந்தத் தெருப் பெண்கள் வருகிறார்கள்? ஆடுமாடு எந்தச் சரிவு வழியாகத் தண்ணீருக்கு இறங்குகிறது? மீன் குத்தகை யார் கையில், எந்த மாதம்வரை? மடையைத் திறப்பதும் அடைப்பதும் யார்? கடைமடையில் நிலம் வைத்திருப்பவர் யார்? படித்துறையில் துவைத்துத் துவைத்து வழவழப்பான கல் ஒன்று கிடக்கும். ஜேசிபி அதைப் பெயர்த்துப் போட்டால், அடுத்த நாள் உங்கள் வேலையை நிறுத்த வருவது பாசனத் துறை அல்ல, அந்தக் கல்லில் துவைக்கிறவர்கள்தான். அவர்கள் உங்கள் பட்டியலில் எங்குமே இல்லை.

அப்புறம் வண்டலைக் கவனியுங்கள். தூர்வாரும் வேலையில் அதிகச் சண்டை மண்ணில்தான் வரும். மண் யார் தோட்டத்துக்குப் போகும், செங்கல் சூளைக்குப் போகுமா, லாரி யாருடையது, எந்தத் தெரு வழியாகப் போகும் என்பதையெல்லாம் முன்கூட்டியே ஊரறியப் பேசி முடிவு செய்யுங்கள். மண்ணைக் குளத்திலிருந்து வெளியே கொண்டுபோவதற்கு ஜியாலஜி துறை அனுமதி வேண்டுமா என்று பஞ்சாயத்துச் செயலாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரிடம் பேசினாலும் கடைசியில் ஒன்று கேளுங்கள்: "இன்னும் யாரைக் கேட்காமல் விட்டோம்?" ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார். திரும்பத் திரும்ப அதே பெயர்கள் வர ஆரம்பித்தால் பட்டியல் கிட்டத்தட்ட முடிந்தது என்று அர்த்தம்.

நேரமும் முக்கியம். காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்தால் தொழிலுறுதி (நூறு நாள்) வேலைக்கும் தோட்டத்துக்கும் போனவர்கள் வர முடியாது. சாயங்காலம் வையுங்கள். எவ்வளவு ஆழம், எந்தக் கரை, எந்த மாதம் என்று முடிவெடுப்பதற்கு முன்பே வையுங்கள். தொடக்க விழா நோட்டீஸ் அடித்த பிறகு கூப்பிட்டுக் கேட்டால் ஊருக்கு அது புரிந்துவிடும். அப்புறம் நீங்கள் எது கேட்டாலும் தலையாட்டுவார்களே தவிர மனதில் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள்.

கோவிந்தாபுரம், தொண்டு நிறுவனப் பணியாளர்: அதிகாரம் ஒரு பக்கம், அக்கறை ஒரு பக்கம் என்று நான்கு கட்டம் போட்டு ஆட்களைப் பிரிக்கச் சொல்லிப் பயிற்சியில் கற்றுக்கொடுத்தார்கள். அது இங்கே பயன்படுமா?

ஓரளவுக்கு. மேலாண்மை ஆய்வாளர் மெண்டலோ 1991-இல் சொன்ன இந்தக் கட்டம், உங்கள் நேரத்தை யாருக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று திட்டமிட உதவும். ஆனால் அதிகாரம் இல்லாமல் பாதிப்பை மட்டும் முழுசாகச் சுமப்பவர்கள் அதில் "தகவல் சொன்னால் போதும்" என்ற மூலைக்குப் போய்விடுவார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்குப் பெரிய பாடம் இருக்கிறது.

பெருமாட்டி பஞ்சாயத்தில் பிளாச்சிமடா குளிர்பான ஆலை 2000-இல் தொடங்கியபோது அரசு, நிறுவனம், பஞ்சாயத்து என்று அதிகாரம் உள்ள எல்லாத் தரப்பும் பேச்சில் இருந்தன. ஆலையை ஒட்டிய காலனிகளில் இருந்த ஆதிவாசிகள் இல்லை. கிணற்றுத் தண்ணீர் கெட்டது முதலில் தெரிந்தது அவர்களுக்குத்தான். அந்தத் தண்ணீரில்தானே அவர்கள் சோறு பொங்க வேண்டியிருந்தது. 2002 ஏப்ரலில் போராட்டம் தொடங்கியது. அதன் முகமாக நின்ற மயிலம்மா, எரவாளர் சமூகத்துப் பெண். உரிமம் கொடுத்த அதே பஞ்சாயத்து 2003-இல் அதைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. ஏற்பட்ட சேதம் 216.26 கோடி ரூபாய் என்று மாநில அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010-இல் கணக்கிட்டது. கட்டத்தின் மூலையில் இருந்திருக்கக்கூடியவர்கள்தான் கதையின் போக்கையே மாற்றினார்கள்.

அதனால் 1997-இல் மிட்செல், ஆகில், வுட் என்ற மேலாண்மை ஆய்வாளர்கள் மூவரும் முன்வைத்த மூன்று கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிகாரம் யாரிடம் இருக்கிறது? நியாயமான உரிமை யாருக்கு இருக்கிறது? யாருடைய பிரச்சினை காத்திருக்க முடியாதது? பின்னது இரண்டும் இருந்து முதலாவது மட்டும் இல்லாதவர்களின் வாசலுக்கு முதலில் போங்கள். இதை நான் அறத்துக்காக மட்டும் சொல்லவில்லை. திட்டம் நிலைக்க வேண்டும் என்பதற்காகவும்தான் சொல்கிறேன்.

வடகரப்பதி, சுய உதவிக்குழு உறுப்பினர்: எங்களுக்கு வரும் நோட்டீஸ், படிவம் எல்லாம் மலையாளத்தில். எங்கள் பெரியவர்களுக்குப் படிக்கத் தெரியாது. என்ன என்று தெரியாமலே கையெழுத்துப் போடுகிறோம்.

தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள் அக்கா. தமிழில் எழுதிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. குறை தீர்க்கச் சொல்லி எந்த அதிகாரிக்கும் மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் மனு கொடுக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுத இடம் தருகிறது.

திட்டம் நடத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். நோட்டீஸை மொழிபெயர்த்துக் கொடுத்தால் மட்டும் போதாது. பேச்சுத் தமிழில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். கூட்டம் கலைவதற்கு முன் மினிட்ஸ் புத்தகத்தில் என்ன எழுதினீர்கள் என்பதைத் தமிழில் திரும்பச் சொல்லி, "நீங்க சொன்னது இதுதானே?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பத்து நிமிடம்தான் ஆகும்.

ஷோளயூர், அட்டப்பாடி, களப்பணியாளர்: ஊர் மூப்பன் (ஊர்த் தலைவர்) சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். வேலை தொடங்கிய பிறகு இளைஞர்கள் எதிர்க்கிறார்கள். மூப்பன் சொன்னால் ஊர் சொன்ன மாதிரி இல்லையா?

இல்லை. மூப்பனுக்கு மரியாதை உண்டு, அவரிடம்தான் முதலில் போக வேண்டும். ஆனால் இருளர் ஊரில் அவர் தனி ஆள் இல்லை. பண்டாரி (ஊர்ப் பொருளைக் கவனிப்பவர்), குறுதலை (மூப்பனுக்கு உதவியாளர்), மண்ணுக்காரன் (நிலத்தையும் விதைப்பையும் கவனிப்பவர்) என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. உங்கள் வேலை நிலத்தையும் விதைப்பையும் தொடுகிறது என்றால் மண்ணுக்காரனைக் கேட்காமல் எப்படி முடிவெடுத்தீர்கள்? எல்லாருக்கும் மேலே ஊர்க்கூட்டம் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் விஷயமென்றால் விதியே தெளிவாக இருக்கிறது: கிராமசபை உறுப்பினர்களில் பாதிப் பேராவது கூட வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். அந்த விதிக்குள் வராத வேலைக்கும் இதே அளவை வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது செய்ய வேண்டியது: வேலையை நிறுத்தி வையுங்கள். மூப்பனிடம் போய், இளைஞர்களையும் பெண்களையும் சேர்த்து ஊர்க்கூட்டத்தைக் கூட்டச் சொல்லி அவரையே கேளுங்கள். அவரை ஒதுக்கிவிட்டு இளைஞர்களோடு தனியாகப் பேசினால் ஊரை இரண்டாக்கிய பாவம் உங்களைச் சேரும். கூட்டத்தில் "வேண்டாம்" என்று முடிவானால் அதை ஏற்றுக்கொள்ளும் தயாரிப்போடு போங்கள். அந்தத் தயாரிப்பு இல்லையென்றால் கூட்டமே கூட்டாதீர்கள்.

மீனாட்சிபுரம், விவசாயி: பொள்ளாச்சிப் பக்கத்து அமைப்பு ஒன்றும் நாங்களும் சேர்ந்து சித்தூர்ப்புழை ஆற்றின் கரையைச் சுத்தம் செய்ய நினைக்கிறோம். ஒவ்வொரு கூட்டமும் தண்ணீர்ப் பங்கு சண்டையில் முடிகிறது.

முடியத்தான் செய்யும். பயிர் காய்ந்தவருக்கு அதுதான் பேச்சு, அவர் மேல் தப்பில்லை. ஆனால் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் இரண்டு அரசுகள் கையெழுத்திட்டது. மணக்கடவு தடுப்பணையில் கேரளத்துக்கு வர வேண்டிய 7.25 டிஎம்சி பற்றிப் பேச இரு மாநிலக் கூட்டு நீர் ஒழுங்காற்று வாரியம் இருக்கிறது. உங்கள் குழுவால் அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. கூட்டம் தொடங்கும்போதே இதை நேராகச் சொல்லிவிடுங்கள்: "பங்கு பற்றிச் சொல்வதை எழுதி இரண்டு பக்கத்துப் பொறியாளர்களுக்கும் அனுப்புவோம். இன்று முடிவெடுக்கப் போவது குப்பையும் கரையும் மட்டும்." சொன்னபடி அனுப்புங்கள். அனுப்பிய நகலை அடுத்த கூட்டத்தில் காட்டுங்கள்.

இன்னொன்று, இரண்டு பக்கமும் கிராமசபை நடக்கும் விதம் வேறு. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். கேரளத்தில் அது வார்டு வாரியாக நடக்கும், கூட்டுபவர் வார்டு மெம்பர், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட்ட வேண்டும். இரண்டு பக்கமும் தீர்மானம் வேண்டுமென்றால் இந்தத் தேதிகளைப் பார்த்துத்தான் வேலை நாளையே குறிக்க வேண்டும். வீடு ஒரு மாநிலத்திலும் தோட்டம் மறு மாநிலத்திலும் உள்ளவர்களை இரண்டு பக்கமும் விட்டுவிடுவார்கள். அவர்களைத் தனியாகத் தேடிப் பிடியுங்கள்.

எருத்தேம்பதி: ஒரே ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் சத்தம் போட்டுக் கெடுக்கிறார். என்ன செய்வது?

கூட்டத்துக்கு முந்தின நாள் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேளுங்கள். பெரும்பாலும் பழைய திட்டம் ஒன்றில் ஏமாந்த கதை வெளியே வரும். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி, மறுநாள் கூட்டத்தில் முதல் விஷயமாக வையுங்கள்.

முதலமடை: கூட்டாக நடத்தும் நாங்கள் மூன்று அமைப்புகளும் மாந்தோப்புக்காரர்களிடம் மூன்று விதமாக வாக்குக் கொடுத்துவிட்டோம்.

மூவரும் சேர்ந்து போய், எந்த வாக்கு நிற்கும், எது நிற்காது என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். இன்று முதல் வாக்குக் கொடுக்க ஒருவருக்கு மட்டும் அதிகாரம். அவர் பெயரும் போன் நம்பரும் தோப்புக்காரர்கள் எல்லாரிடமும் இருக்கட்டும். பூ பிடிக்கும் காலத்துக்கு முன்பே இதைச் செய்யுங்கள். மருந்தடிப்பு தொடங்கிவிட்டால் யாருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது.