திரிகடுகமும் வலிப்பு மாத்திரையும்

கேள்வி: என் மாமியார் வலிப்புக்காகப் பல வருடங்களாக ஃபெனிடோயின் மாத்திரை சாப்பிடுகிறார். சளிக்காகத் திரிகடுகச் சூரணத்தை மூன்று வேளையும் ஒரு தேக்கரண்டி வீதம் தேனில் குழைத்துக் கொடுக்கிறேன். சளி குறைந்துவிட்டது. ஆனால் பகலெல்லாம் தூங்கி வழிகிறார், நடை தள்ளாடுகிறது. சுக்கு, மிளகு, திப்பிலியால் இப்படி ஆகுமா? அரைக்கும்போது சுக்கின் தோலைச் சீவ வேண்டுமா?
- வாசகி, ராஜபாளையம்

பதில்: ஆகலாம் அம்மா. சூரணத்தை இப்போதே நிறுத்துங்கள். மாத்திரையில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள். அதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் இன்றே அழைத்துச் சென்று, சூரணம் கொடுத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தத்தில் ஃபெனிடோயின் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தள்ளாட்டத்துக்கு வேறு காரணமும் இருக்கக்கூடும்.

சித்த வைத்தியரான எனக்கு, 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்ற பேச்சைக் கேட்டாலே கோபம் வரும். ஒன்றும் செய்யாத சரக்கை யார் மெனக்கெட்டு இடித்துச் சலிப்பார்கள்?

மிளகுக்கும் திப்பிலிக்கும் காரம் தருவது பைப்பரின். 1819-இல் அதை மிளகிலிருந்து பிரித்தெடுத்தவர் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட்; மறு ஆண்டே, மின்சாரம் காந்த ஊசியை அசைப்பதைக் கண்டு சொன்னாரே, அவரேதான். நாம் விழுங்கும் மருந்துகளைக் குடல் சுவரிலும் கல்லீரலிலும் உள்ள நொதிகள் சிதைத்து வெளியேற்றுகின்றன. பைப்பரின் அந்த நொதிகளை மட்டுப்படுத்துவதால், மருந்து ரத்தத்தில் கூடுதலாகச் சேர்கிறது, கூடுதல் நேரம் தங்குகிறது. ஃபெனிடோயினுக்கும், ரத்த அழுத்தத்துக்கான ப்ரோப்ரனலால், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் ஆகியவற்றுக்கும் இது சோதித்துப் பார்க்கப்பட்ட உண்மை. ஜம்மு ஆய்வுக்கூடத்தில் இந்தக் குணத்தையே பயன்படுத்தி, 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்து, காசநோய்க்கான ரிஃபாம்பிசினை 450 மில்லிகிராமிலிருந்து 200-ஆகக் குறைத்தார்கள். 2009-இல் அந்த மாத்திரை விற்பனைக்கு வந்தது. நீங்களோ தேக்கரண்டிக் கணக்கில் கொடுத்திருக்கிறீர்கள்!

மிளகு ரசத்துக்குப் பயப்பட வேண்டாம். அதில் சேரும் மிளகும் கொஞ்சம், பைப்பரின் தண்ணீரில் எளிதில் கரைவதும் இல்லை. வேறு மாத்திரை எதுவும் சாப்பிடாதவர், சளி இருக்கும் சில நாளைக்குக் கால் தேக்கரண்டிச் சூரணம் எடுத்தால் போதும். அதுவும் சாப்பிட்ட பிறகு. வயிற்றுப்புண் உள்ளவருக்கு அதுவும் வேண்டாம்.

தோலைக் கட்டாயம் சீவுங்கள். 'சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு' என்பார்கள். சுண்ணாம்பைக் குழைத்துச் சுக்கின்மேல் பூசிக் காயவைத்து, கழுவிவிட்டுச் சீவுவது எங்கள் முறை. இஞ்சியிலுள்ள ஜிஞ்சரால், காயும்போது நீர் இழந்து ஷோகவால் ஆகிறது. இஞ்சியைவிடச் சுக்கு உறைப்பது அதனால்தான்.