சோளக் கதிரில் இரட்டைவால் குருவி: விரட்ட வேண்டியது அதை அல்ல

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் 3 ஏக்கர் மானாவாரிச் சோளம். மார்கழியில் இப்போது பால் பிடிக்கிறது. புழு தின்னும் பறவைகள் வந்து உட்கார ஏக்கருக்கு 20 பறவைத் தாங்கிக் குச்சி நட்டிருந்தேன். அதில் உட்கார்ந்து சிட்டுக்குருவி மாதிரி ஒரு கூட்டமும், இரட்டைவால் கறுப்புக் குருவிகளும் பயிருக்குள் இறங்குகின்றன. விஷம் கலந்த அரிசி வைத்தால் இரண்டும் ஒழியும் என்கிறார் மருந்துக்கடைக்காரர். எந்த மருந்து வைக்கலாம்?

பதில்: எதையும் வைக்காதீர்கள். இரட்டைவால் குருவி கரிச்சான். தானியம் அதன் தீனி அல்ல. வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி, வண்டு இவற்றுக்காகத்தான் பாய்கிறது. ஒற்றையாக உட்காரும், இரையைக் கவ்வியதும் பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பும். மற்றது தூக்கணாங்குருவியாகத்தான் இருக்கும். மார்கழியில் ஆணுக்கும் மஞ்சள் தலை கிடையாது, அதனால்தான் சிட்டுக்குருவி போலத் தெரிகிறது. தடித்த கூம்பு அலகால் கதிரிலேயே தொற்றிக்கொண்டு பால்மணியை நசுக்கிவிடும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: கதிர் வந்த பிறகும் தாங்கி ஏன் நிற்கிறது? புழுப் பருவத்தில் கரிச்சானுக்கு வேட்டைமேடை. பால் பிடித்த பின் அதே குச்சி தானியம் தின்னும் கூட்டத்துக்கு இறங்குபடி. நடுவதைச் சொல்லும் பலர் பிடுங்குவதைச் சொல்வதில்லை. கதிர் வெளிவந்ததும் எடுத்துவிட வேண்டும். இன்றே பிடுங்கி, உளுந்தோ துவரையோ இருந்தால் அங்கே நடுங்கள். பயிரைவிட ஓரடி, ஒன்றரை அடி உயரம் வேண்டும். குறுக்குச் சட்டம் பட்டை உரிக்காத கொம்பாக இருக்கட்டும். இரும்புக் குழாய் வழுக்கும், வெயிலில் சுடும். இரவில் அதே கொம்பில் ஆந்தை உட்கார்ந்து எலி பிடிக்கும். ஒன்று மட்டும்: வாராவாரம் மருந்தடித்துப் பூச்சியைத் துடைத்துவிட்டால் கரிச்சான் எதற்கு வரும்?

சோளத்துக்கு, சிவப்பும் வெள்ளியும் மினுக்கும் ரிப்பனை இரண்டு மூன்று முறுக்கு கொடுத்து, கதிருக்கு ஓரடி மேலே, காற்றுக்குக் குறுக்காகக் கட்டுங்கள். வரிசைக்கு வரிசை பத்தடி இடைவெளி போதும். தொய்ந்தால் அதிராது, சத்தமும் வராது. முன்கூட்டியே கட்டினால் பறவை பழகிவிடும். பால் பிடிக்கும்போது கட்டி, மணி இறுகியதும் அவிழ்த்துவிடுங்கள். காலை ஆறு முதல் ஒன்பது வரையும், மாலை நான்கு மணிக்கு மேலும் ஆள் நின்று தகரம் தட்ட வேண்டும். இந்தக் காவலுக்கு மாற்று இல்லை.

விஷ அரிசி வைக்கச் சொல்கிற கடையில் உரம்கூட வாங்காதீர்கள். கரிச்சான் அதைத் தொடாது. கௌதாரியும் மயிலும் உங்கள் வீட்டுக் கோழியும்தான் சாகும். மயில் செத்தால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் வழக்கு உங்கள் மேல் வரும். கிணற்றோரப் பனையில் தொங்கும் கூடுகளையும் அறுக்காதீர்கள்: ஆடி, ஆவணியில் தூக்கணாங்குருவி தன் குஞ்சுக்கு ஊட்டுவதில் புழுவும் வெட்டுக்கிளியும் உண்டு.