மூன்று ஸ்டென்டா, ஒரு பைபாஸா: எதில் செலவு குறைவு?

கேள்வி: என் தந்தைக்கு வயது 63, சிறிய ஜவுளிக்கடை நடத்துகிறார். பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது என்று ஆஞ்சியோகிராம் எடுத்ததில் மூன்று ரத்தக்குழாய்களிலும் அடைப்பு. மூன்று ஸ்டென்ட் வைக்க 3.25 லட்சம், பைபாஸ் என்றால் 4.5 லட்சம் என்கிறார்கள். என் அலுவலகக் குழுக் காப்பீட்டில் அவருக்கு 5 லட்சம் உண்டு; அறை வாடகை நாளுக்கு 5,000 வரை. அவர் பெயரில் 5 லட்சத்துக்கு கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசியும் (குறிப்பிட்ட கடும் நோய்க்கு மொத்தமாகப் பணம் தருவது), வங்கியில் 4 லட்சம் வைப்புத்தொகையும் இருக்கின்றன. செலவு குறைவான ஸ்டென்டுக்கே போய்விடலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: எந்தச் சிகிச்சை என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் மருத்துவர்கள். அதுவும் ஸ்டென்ட் வைக்கும் இதய மருத்துவர் மட்டுமல்ல, அறுவை நிபுணரும் அந்த ஆஞ்சியோகிராமைப் பார்க்க வேண்டும். மாரடைப்பு வந்து ஓடும் நேரத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. உங்கள் தந்தைக்கு அந்த அவகாசம் இருக்கிறதா என்பதையும் அவர்களிடமே கேளுங்கள்.

பணக் கணக்குக்கு வருகிறேன். 1.25 லட்ச வித்தியாசம் முதல் பில்லின் வித்தியாசம்தான். 2012-இல் வெளியான ஃப்ரீடம் ஆய்வு, பல குழாய்களில் அடைப்புள்ள 1,900 சர்க்கரை நோயாளிகளை ஆராய்ந்தது. முதல் ஓராண்டுக்குள் மீண்டும் அடைப்பு நீக்க வேண்டிவந்தவர்கள் ஸ்டென்ட் தரப்பில் 12.6 சதவீதம், பைபாஸ் தரப்பில் 4.8 சதவீதம். ஐந்தாண்டுகளில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் இவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் ஸ்டென்ட் தரப்பில் 26.6 சதவீதம், பைபாஸ் தரப்பில் 18.7. பக்கவாதம் மட்டும் பைபாஸில் அதிகம்: 5.2-க்கு 2.4. ஆக, ஸ்டென்டுக்கு இரண்டாவது பில் வரும் வாய்ப்பையும் சேர்த்துத்தான் விலை சொல்ல வேண்டும்.

ஆனால் பைபாஸுக்கும் பில்லில் வராத ஒரு செலவு உண்டு. ஸ்டென்ட் என்றால் ஓரிரு நாளில் வீடு. பைபாஸ் என்றால் ஏறக்குறைய ஒரு வாரம் மருத்துவமனை, பிறகு நெஞ்செலும்பு கூட இரண்டு மாதம் வரை. அதுவரை கடையை யார் திறப்பார்கள்? அந்த வருமான இழப்பை எழுதிப் பார்த்தீர்களா?

இனி உங்கள் காப்பீடு. நீங்கள் பயப்பட வேண்டியது அறை வாடகை வரம்புக்கு. நாளுக்கு 8,000 ரூபாய் அறையில் சேர்த்தால், கூடுதல் 3,000 மட்டும் உங்கள் தலையில் விழாது. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றிலும் அதே 8,000-க்கு 5,000 விகிதத்தில், எட்டில் ஐந்து பங்குதான் காப்பீட்டு நிறுவனம் தரக்கூடும். மருந்து, ஸ்டென்ட், பரிசோதனை, தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றில் இப்படி வெட்டக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. 5,000 ரூபாய்க்குள் அறை எடுத்தால் இரண்டு சிகிச்சைகளுமே பெரும்பாலும் உங்கள் 5 லட்சத்துக்குள் அடங்கிவிடும். அப்போது நீங்கள் அஞ்சும் 1.25 லட்சம் உங்கள் பையிலிருந்து போகவே போகாது!

இன்னொரு பாலிசியில் ஒரு விசித்திரம். கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசிகளின் பொதுவான வரையறைப்படி, நெஞ்சைத் திறந்து செய்யும் பைபாஸுக்கு முழுத்தொகை உண்டு, ஆஞ்சியோபிளாஸ்டிக்கு, அதாவது ஸ்டென்ட் வைப்பதற்கு, இல்லை. 5 லட்சம் வருகிறதே என்று கத்திக்குக் கழுத்தை நீட்டுவதும் தவறு. பைபாஸ்தான் என்று மருத்துவர்கள் முடிவு செய்தால், அந்தத் தொகை கடை மூடிய மாதங்களுக்கு உதவும். பெரும்பாலும் அறுவைக்குப் பின் 30 நாள் கடந்த பிறகே பணம் வரும். பாலிசி எடுக்கும்போது சர்க்கரை நோயை விண்ணப்பத்தில் எழுதினீர்களா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். மறைத்திருந்தால் இந்தப் பணத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஸ்டென்ட் என்று முடிவானால், ஒவ்வொன்றின் பெயரும் விலையும் பில்லில் தனியாக இருக்க வேண்டும். 2017 பிப்ரவரி முதல் அதற்கு அரசின் விலை உச்சவரம்பு உண்டு. அன்று மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய். அதன்பின் சில முறை திருத்தியிருக்கிறார்கள்.

வைப்புத்தொகையை உடைக்க வேண்டாம். அவசரத்துக்கு அதன்மேல் கடன் வாங்கலாம். தனிநபர் கடனைவிட வட்டி குறைவு. வீட்டுக்கு வருமுன் டிஸ்சார்ஜ் சம்மரியில் சான்றளித்த நகல் இரண்டும் ஆஞ்சியோகிராம் பதிவும் வாங்கிக்கொள்ளுங்கள். அசல் குழுக் காப்பீட்டுக்குப் போய்விடும். மற்ற பாலிசிக்கு அந்த நகல்தான் வேண்டும்.