சருகுமானும் மலைச்சாலையும்

அன்புள்ள ஐயா,

எட்டு ஆண்டுகளாக மைவி என்ற சிறிய மலேசியக் காரை ஓட்டுகிறேன். 200 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள பழைய டர்போ கார் ஒன்று விலைக்கு வருகிறது. "பெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் நிற்பதற்கு அது எதற்கு?" என்கிறார் மனைவி. வண்டி ஓட்டுவதில் இன்பம் தேடுவது தவறா? பின்னாளில் நல்ல விலைக்குப் போகுமா?

கே., ஷா ஆலம்

அன்புள்ள கே.,

தவறே இல்லை. பின்னாளைய விலையை என்னிடம் கேட்பது கோயில் குருக்களிடம் மீன் விலை கேட்பது போல, அதை விட்டுவிடுவோம். மனைவியிடம் தோற்றுவிடுங்கள், வீட்டுக்கு நல்லது.

போன வாரம்தான் என் அக்காள் மகன் தன் புதுக் காரில் என்னைப் பினாங்கின் தெலுக் பஹாங்கிலிருந்து மலைச்சாலை வழியே பாலேக் புலாவுக்கு அழைத்துப் போனான். அகலமான டயர்கள், கல்லைப் போன்ற சஸ்பென்ஷன். மூன்று நொடி மிதித்தால் அடுத்த வளைவு முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது. உடனே பிரேக். மறுபடி மிதி, மறுபடி பிரேக். அந்த வண்டி மலை முழுவதும் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தது.

அதே மலையில்தான் நான் ஓட்டப் பழகினேன், அப்பாவின் கஞ்சில் என்ற குட்டிக் காரில். 1994இல் வந்த வண்டி, 660 சிசி, மூன்று சிலிண்டர். மலாயில் கஞ்சில் என்றாலே சருகுமான். நான்கு பேர் ஏறிவிட்டால் ஏற்றத்தில் ஏர்கண்டிஷனை அணைத்தே ஆக வேண்டும். வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு இறக்கி, சேர்த்துவைத்த வேகத்தைச் சிந்தாமல் கொண்டுபோக வேண்டும். ஒருமுறை விட்டால் அடுத்த சமதரை வரை திரும்பக் கிடைக்காது. 50 கிலோமீட்டர் வேகத்திலேயே வண்டி சாயும், மெல்லிய டயர் கீச்சிட்டு எச்சரிக்கும். உங்கள் டர்போவின் டயரும் எச்சரிக்கும்தான். ஆனால் அது வாய் திறக்கும் வேகத்தில் கேட்டுத் திருந்த நேரம் இருக்காது. வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு என்று பள்ளியில் படித்ததை மறந்துவிட்டீர்களா?

நெடுஞ்சாலையில் சட்டம் விடுவது மணிக்கு 110 கிலோமீட்டர். அந்தக் கார் மூன்றாம் கியரிலேயே அதைத் தாண்டிவிடும். முழுதாக மிதிக்கவே முடியாத ஒன்றுக்குத் தவணை கட்டுவீர்களா? வலுக்குறைந்த வண்டியில் மட்டுமே மிதியைத் தரைவரை அழுத்தியும் குற்றவாளி ஆகாமல் வீடு திரும்பலாம். கியர் மாற்றுவதற்கு அங்கேதான் அர்த்தம் உண்டு. கஞ்சிலைத் தேடிப் போய் வாங்கச் சொல்லவில்லை; எங்கள் வண்டியில் காற்றுப்பைகூடக் கிடையாது. உங்கள் மைவி எவ்வளவோ மேல். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் மலைக்கு ஓட்டிப் போயிருக்கிறீர்களா? எட்டு ஆண்டுகள் நெரிசலில் நிற்கவைத்துவிட்டு அதில் இன்பமில்லை என்று புகார் சொல்ல வெட்கமாக இல்லையா?

அப்பா பக்கத்து இருக்கையில் ஏர்கண்டிஷன் பொத்தான்மீது விரலை வைத்தபடியே வருவார். "இப்போது இறக்கு" என்பார். இறக்குவேன். உச்சியைத் தாண்டியதும் பொத்தானை அழுத்துவார். பின்னிருக்கையில் அம்மா "அப்பாடா" என்று சாய்ந்துகொள்வார், அதுவரை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததே அவர்தான் என்பதுபோல.