மெத்திலீன் ப்ளூ சொட்டு மருந்து: அம்மாவின் மறதிக்கு வாங்கலாமா?

கேள்வி: மூளைக்கு நல்லது, சோர்வு போகும் என்று மெத்திலீன் ப்ளூவைச் சொட்டு மருந்தாக ஆன்லைனில் விற்கிறார்கள். அம்மாவுக்கு மறதி அதிகம், மன அழுத்தத்துக்கு எஸ்சிட்டலோபிராம் சாப்பிடுகிறார். வாங்கித் தரலாமா? மீன் தொட்டியில் ஊற்றும் நீல மருந்தும் இதுவும் ஒன்றா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த மாத்திரை உடம்பில் செரட்டோனினை, அதாவது மூளையில் செய்தி கடத்தும் ஒரு ரசாயனத்தைக் கூட்டுவது, மெத்திலீன் ப்ளூவோ செரட்டோனினை உடைக்கும் நொதியைத் தடுப்பது. இரண்டும் சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், படபடப்பு, மனக்குழப்பம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2011-லேயே இதை எச்சரித்தது. இதைக் கொடுப்பதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

1876-ல் ஜெர்மனியில் ஹைன்ரிக் காரோ துணிக்கான சாயமாக உருவாக்கியது இது. 1891-ல் பால் எர்லிக் மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இன்றும் ஆஸ்பத்திரியில் இதற்கு இடம் உண்டு. சில மருந்தோ ரசாயனமோ உள்ளே போய், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் சாக்லேட் நிறத்துக்கு மாறி உதடு நீலம் பாய்ந்துவிடும் மெத்தீமோகுளோபினீமியா என்ற நிலையில், கிலோ எடைக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை நரம்பு வழியாக ஏற்றுவார்கள், அப்போது இது உயிர் காக்கும் மருந்துதான். ஆனால் அளவு மிஞ்சினால் இதே மருந்தே அந்த நிலையை உண்டாக்கிவிடும், அதனால்தான் சொட்டு எண்ணி வீட்டில் குடிக்கும் விஷயமல்ல என்கிறேன்.

மறதிக்கு? இதிலிருந்து உருவாக்கிய ஒரு மருந்தை அல்சைமர் நோயாளிகளிடம் பெரிய அளவில் சோதித்தார்கள், 2016-ல் வந்த முடிவில் எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. குடித்தால் சிறுநீர் நீலப்பச்சையாகப் போகும், அது சாயம் வெளியேறுவதுதான், மருந்து வேலை செய்கிற அடையாளம் அல்ல.

மீன் மருந்தும் அடிப்படையில் இதே சாயம்தான். ஆனால் அது மனிதர் குடிப்பதற்கான சுத்தத்தில் தயாரிப்பதல்ல, கன உலோகங்கள் கலந்திருக்கலாம். சுத்தமான சரக்கே கிடைத்தாலும் ஜி6பிடி குறைபாடு (பிறவியிலேயே வரும் ஒரு நொதிக் குறைபாடு) உள்ளவர்களுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடையும், கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே நிறுத்தி டாக்டரிடம் சொல்லுங்கள், மேலே சொன்ன அறிகுறி ஏதாவது தெரிந்தால் பாட்டிலையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அப்புறம், பி12 குறைவு, தைராய்டு, ஏன் மன அழுத்தமே கூட மறதியைக் கொண்டுவரும். பாட்டிலுக்கு வைத்திருந்த பணத்தில் அம்மாவுக்கு அந்த ரத்தப் பரிசோதனைகளை எடுத்துப் பாருங்கள்.