இணையவழிப் பாடங்களை நடத்தும் மூடுல் தளத்தில், இடதுபுறம் தலைப்புகள், வலதுபுறம் பாடம் என்று பாடப்பக்கம் முழுவதையும் ஐஃபிரேமுக்குள் (ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டம்) வைத்து அமைக்கலாமா?

வைக்க முடியும், ஆனால் வேண்டாம். வீடியோ, சிமுலேஷன், எச்5பி (ஊடாடும் பயிற்சிகளை உருவாக்கும் கருவி) பயிற்சி மாதிரி தனக்குள்ளேயே இயங்குகிற பொருளுக்கு ஃபிரேம் சரி. படிக்க வேண்டிய எழுத்து பக்கத்திலேயே இருக்கட்டும்.

இடதுபுறம் தலைப்புகள், வலதுபுறம் பாடம் என்று நீங்கள் கேட்கும் அமைப்பு திரையைப் பல ஃபிரேம்களாகப் பிரிக்கும் பழைய ஃபிரேம்செட் பாணி. இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்5 அதைக் கழித்துக்கட்டி ஐஃபிரேமை மட்டும் விட்டுவைத்தது. அந்தத் தோற்றம்தான் வேண்டுமென்றால் மூடுலிலேயே 'புக்' என்ற வசதி இருக்கிறதே, அத்தியாயப் பட்டியலை அதுவே பக்கவாட்டில் காட்டிவிடும்.

எழுத்தை ஃபிரேமில் போட்டால் முதல் தலைவலி உயரம். உள்ளே இருப்பது எவ்வளவு நீளம் என்று ஃபிரேமுக்குத் தெரியாது, நீங்கள் ஒரு உயரம் கொடுப்பீர்கள், பாடம் அதைத் தாண்டும், உடனே ஸ்க்ரோலுக்குள் இன்னொரு ஸ்க்ரோல் வந்து நிற்கும். மொபைலில் விரல் எதை நகர்த்துகிறது என்றே புரியாது. பிரிண்ட் எடுத்தால் கண்ணுக்குத் தெரிகிற துண்டு மட்டும்தான் வரும்.

சிமுலேஷனுக்கு இந்தத் தொல்லை இல்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்கள் (ஓம் விதி, மின்சுற்று எல்லாம் இருக்கிறது) கொடுத்த சட்டத்துக்கு ஏற்பத் தங்களையே சுருக்கிக்கொள்ளும். அகலத்தை மட்டும் பிக்சலில் எழுதாமல் 100 சதவீதம் என்று கொடுத்து, உயரத்தை சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழி) தரும் ஆஸ்பெக்ட் ரேஷியோவிடம், அதாவது அகல-உயர விகிதத்திடம், விட்டுவிடுங்கள். யூடியூப் என்றால் எம்பெட் முகவரியைத்தான் போட வேண்டும், சாதாரண வீடியோ பக்கத்தின் முகவரி ஃபிரேமுக்குள் திறக்காது. தன்னை ஃபிரேமில் வைக்கலாமா கூடாதா என்பதை அந்தந்தத் தளமே ஹெட்டரில் (பக்கத்தோடு பிரவுசருக்கு அனுப்பும் குறிப்பு) சொல்லிவிடுகிறது, நம் பக்கத்தில் என்ன மாற்றினாலும் பலிக்காது.

ஸ்கார்ம் பாடம்தான் (மாணவரின் மார்க்கைத் தளத்துக்குத் தெரிவிக்கும் பொதுத் தரத்தில் செய்த பாடத் தொகுப்பு) உண்மையில் சிக்கலான இடம். ஸ்கார்ம் 1.2 பாடம் திறந்ததும் 'ஏபிஐ' என்ற ஆப்ஜெக்டை (பாடம் மூடுலோடு பேச உதவும் இணைப்பு) தேடி, தன் ஃபிரேமுக்கு மேலே இருப்பது, அதற்கும் மேலே இருப்பது என்று ஏறிக்கொண்டே போகும். அது கிடைத்தால்தான் மார்க் மூடுலுக்கு வந்து சேரும். நீங்களோ பாடத்தை வேறொரு டொமைனில் வைத்துவிட்டு இங்கே வெறும் ஐஃபிரேமில் காட்டினால், பிரவுசர் பாதுகாப்புக் காரணமாக அதை மேலே எட்டிப்பார்க்கவே விடாது. பாடம் ஜோராக ஓடும், மாணவர் கடைசி ஸ்லைடு வரை போவார், கிரேட்புக்கில் (மூடுலின் மார்க் பதிவேடு) மட்டும் ஒன்றும் இருக்காது. அப்புறம் மாணவர் முடிக்கவே இல்லை என்று ஒருவர் சொல்ல, முடித்தேன் என்று மாணவர் சத்தியம் செய்ய, சண்டைதான். பாடத்தின் ஜிப் கோப்பை மூடுலின் ஸ்கார்ம் ஆக்டிவிட்டியாகவே ஏற்றுங்கள். ஃபிரேம், ஏபிஐ இரண்டையும் அது பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று, ஒவ்வொரு ஐஃபிரேமுக்கும் டைட்டில் எழுதுங்கள். ஸ்கிரீன் ரீடர் வைத்துப் படிப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வது அதுதான், 'ஓம் விதி சிமுலேஷன்' என்று இரண்டு மூன்று சொல் போதும்.