செல்லமும் வேண்டும், திகிலும் வேண்டும்: ஹராஜுகுவுக்கு என்ன உடுத்தலாம்?

கேள்வி: டோக்கியோவில் நிஷி கசாய் பகுதியில் இருக்கிறேன். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு, விதவிதமான உடைகளுக்குப் பேர்போன ஹராஜுகு பகுதிக்குப் போகிறோம். பார்த்தால் செல்லமாகவும் கொஞ்சம் பயமாகவும் இருக்குமே, அந்தப் பாணியில் உடுத்த ஆசை. போன முறை முயன்றபோது "ஹாலோவீன் வேஷமா?" என்று கேட்டுவிட்டார்கள். கையில் இருப்பது வெளிர் ரோஸ் ஃபிராக்கும் கறுப்பு ஷூவும். நான் மாநிறம். அதிகம் செலவு செய்ய முடியாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்த ரோஸ் ஃபிராக்கிலிருந்தே தொடங்குங்கள். போன முறை அப்படிக் கேட்டதற்குக் காரணம், அநேகமாக, திகில் முந்திக்கொண்டதுதான். வேஷத்தில் பத்தடி தள்ளி வரும்போதே ரத்தம் தெரியும். இந்தப் பாணி அதற்கு நேர்மாறு. தூரத்தில் பார்க்கிறவருக்கு ஃபிராக், ரிப்பன், இரட்டைச் சடை மட்டுமே தெரிய வேண்டும். பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுக்கும்போதுதான், ரிப்பன் நடுவில் இருப்பது பூ இல்லை, தன்னையே பார்க்கும் ஒரு கண் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

ஜப்பானில் இதற்குப் பல கிளைகள் உண்டு. 'கவாய்' என்றால் செல்லமான அழகு. அதோடு எதைச் சேர்க்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். 'குரோ கவாய்' என்பதில் குரோ என்றால் கோரம்: ரத்தமும் காயமும். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே பரவிய 'எரோ குரோ நான்சென்ஸ்' (காமம், கோரம், அபத்தம்) ரசனையில் இருக்கும் அதே 'குரோ'தான் இது. மோரி சாக் என்ற ஓவியர் 2000-வாக்கில் உருவாக்கிய குளூமி கரடியைப் பார்த்திருப்பீர்கள்: கொஞ்சத் தோன்றும் ரோஸ் கரடி, நகத்தில் ரத்தம். 'கிமோ கவாய்' என்றால் அருவருப்பும் அழகும். கண்விழி, பல், மூளை எல்லாம் இதில் வரும். 'யமி கவாய்' என்பதில் யமி என்றால் நோய். மாத்திரை, ஊசி, பிளாஸ்திரி, ஒற்றைக் கண்ணை மறைக்கும் வெள்ளைக் கண்கட்டு, இவையெல்லாம் வெளிர் ஊதாவிலும் ரோஸிலும்.

மூன்றையும் ஒரே உடையில் கொட்டினால் அங்கேயே வேஷமாகிவிடும். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறைக்கு நான் கிமோ கவாயைத்தான் சொல்வேன். செலவு குறைவு, யார் மனமும் புண்படாது.

யமி கவாயைப் பற்றி இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அதோடு ஒட்டி வரும் 'மென்ஹெரா' என்ற சொல், '2சேனல்' என்ற ஜப்பானிய இணைய விவாதத் தளத்தின் மனநலப் பகுதியில் எழுதியவர்களைக் குறிக்கப் பிறந்தது. எசாகி பிசுகோ வரைந்த 'மென்ஹெரா-சான்' என்ற பாத்திரம் அதை இன்னும் பரப்பியது. வாய்விட்டுச் சொல்ல முடியாத வலியை உடையில் சொல்கிறவர்கள் இதை அணிபவர்களில் உண்டு. அதனால் மணிக்கட்டில் வெட்டுக் காயம் வரைவது, தழும்பு ஒட்டுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். அந்த நிலையைக் கடந்து வந்த ஒருவர் எதிரில் வரலாம். மாத்திரை வடிவ பிரோச், முட்டியில் ஒரு ரோஸ் பிளாஸ்திரி, இவ்வளவே போதும்.

சரி, ரிப்பன் நடுவில் வரும் அந்தக் கண்ணுக்கு வருவோம். 100 யென் கடையில், வரியோடு 110 யென்னுக்கு, தலைமுடிக்கான டிக்டாக் கிளிப்பும் கைவினைப் பொருள்களும் கிடைக்கும். 2 செ.மீ. அகலமுள்ள, ஒரு பக்கம் தட்டையான கண்ணாடிக் குமிழ் வாங்குங்கள். தட்டைப் பக்கத்தில் நகப்பூச்சால் வரைய வேண்டும். மறுபக்கத்திலிருந்து பார்க்கப்போவதால் வரிசை தலைகீழ். முதலில் நடுவில் கறுப்புப் பொட்டு. அது காய்ந்ததும் சுற்றி ஊதா வட்டம். அப்புறம் ஓரத்திலிருந்து உள்ளே வரும் மெல்லிய சிவப்பு நரம்புகள். எல்லாம் காய்ந்த பிறகே வெள்ளை. அவசரப்பட்டு ஈரத்தில் வெள்ளையைப் பூசினால் நரம்பு கரைந்து ரோஸ் குழம்பாகிவிடும். 15 செ.மீ. லேஸில் ஓட்டுத்தையல் போட்டு நூலை இழுங்கள். பூ மாதிரி சுருங்கி வரும். அதன் நடுவில் கண்ணை ஒட்டி, கிளிப்பில் பொருத்துங்கள். இரண்டு சடைக்கு இரண்டு, காலரில் ஒன்று. நான்காவது வேண்டாம்.

நிறத்தையும் கவனியுங்கள். ஹராஜுகுவில் 1995-இல் '6% டோக்கிடோக்கி' கடையைத் தொடங்கிய செபாஸ்டியன் மசுதாதான், பாடகி க்யாரி பாம்யு பாம்யுவின் 2011 அறிமுகக் காணொளிக்குக் கலை அமைத்தார். அதில் கண்விழிகள் மிதக்கும். ஆனால் சுற்றிலும் மிட்டாய்க் கடை நிறம். பொருள் பயமுறுத்தட்டும், நிறம் இனிக்கட்டும். ரத்தக் கறை வேண்டுமென்றாலும் காய்ந்த ரத்தத்தின் பழுப்பைத் தேடாதீர்கள். பளிச்சென்ற சிவப்பையோ அடர் ரோஸையோ எடுங்கள். துணிக்கான பெயின்ட்டால் ஃபிராக்கின் கீழ் ஓரத்தில் ஒரே ஒரு இடத்தில் வரைந்து, ஒரு நாள் காயவிட்டு, மேலே துணி போட்டு இஸ்திரி போடுங்கள். கடையில் விற்கும் ஈரமான போலி ரத்தத்தைத் தடவிக்கொண்டு ரயில் ஏறாதீர்கள். அடுத்து அந்த சீட்டில் உட்காருகிறவரின் உடை கெட்டுவிடும்.

முகத்துக்கு வெள்ளைப் பூச்சு கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாநிறத்தின் மேல் அது சாம்பல் பூத்துப்போகும். கழுத்து வேறு, முகம் வேறு என்று தெரியும். உங்கள் நிறத்திலேயே ஃபவுண்டேஷன் போடுங்கள். ஜப்பானியர்கள் 'நமிதா-புக்குரோ', அதாவது கண்ணீர்ப் பை, என்று சொல்வது கீழ் இமையை ஒட்டிய சிறு உப்பல். அந்த இடத்தில் பளபளப்பில்லாத செம்பருத்திச் சிவப்பை விரலால் ஒற்றி, அதற்குக் கீழே லேசாக நாவல்பழ ஊதாவை இழையுங்கள். இரவெல்லாம் அழுத பொம்மை மாதிரி இருக்கும். வெளிர் நிறத் தோலில் இந்தச் சிவப்பு சில சமயம் அலர்ஜி போலத் தெரியும். மாநிறத்தில் ஆழமாக விழும். இது உங்களுக்கு வாய்த்த அனுகூலம்.

கலர் கான்டாக்ட் லென்ஸ் ஆசை இருந்தால் கண் மருத்துவரைப் பார்த்த பிறகுதான். 2009-லிருந்து ஜப்பானில் பவர் இல்லாத கலர் லென்ஸும் மருத்துவக் கருவிதான். அனுமதி பெற்றதை மட்டும் வாங்குங்கள். தோழியோடு மாற்றிப் போடவே கூடாது. கண்கட்டு போடுவதானால் படம் எடுக்கும்போது மட்டும். ஹராஜுகுவின் கடைத்தெருவான தகேஷிதா தெரு சுமார் 350 மீட்டர்தான். ஆனால் ஞாயிறு மதியம் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் படி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கணிக்க முடியாது.

கடைசியாக, கால். ஹராஜுகு தெருவில் உடுத்தி வருபவர்களைப் படமெடுத்து ஷோஇச்சி ஆஓகி 1997-இல் தொடங்கிய 'ஃப்ரூட்ஸ்' இதழின் படங்களைப் பாருங்கள், தலை முதல் ஷூ வரை முழு ஆள் நிற்பார். அங்கே இன்றும் யாராவது அனுமதி கேட்டு எடுத்தால் அப்படித்தான் எடுப்பார்கள். வெளிர் ஃபிராக்குக்குக் கீழே கறுப்பு ஷூ மட்டும் துண்டாகத் தெரியும். முட்டி வரை வெள்ளை சாக்ஸ் போட்டு, அதன் மேல் விளிம்பில் கறுப்பு ரிப்பன் கட்டிக்கொள்ளுங்கள். ரிப்பன் முடிச்சில் ஒரு சின்னப் பல் மணி. களிமண்ணில் நீங்களே செய்துவிடலாம்.